உலகம் படைக்கும் கருவிகள்: கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

தேனியிலிருந்து வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் வழியாகக் குமுளிக்குச் செல்லும் சாலையில் பயணம் செய்வோர் இருபுறமும் மலைகளைக் காண்பர். ஒருபுறம் ஏலத்தோட்டங்களைத் தாங்கி நிற்கும் எல்லை மலைத்தொடர். மறுபுறம் மேகமலையும் வருசநாட்டு மலைகளும். இடையிலே நெல்வயல், தென்னந்தோப்பு, வாழைத்தோட்டம், திராட்சைப் பந்தல் ஆகியவை அடுத்தடுத்து வருகின்றன. இப்பள்ளத்தாக்கின் சிற்றூர் ஆலயம் ஒன்றில் போதகர் யோர்தானைப் பற்றி அருளுரை ஆற்றுகிறார் என்று கொள்வோம். கேட்போரில் யோர்தானைக் கண்டவர் எவருமிலர். ஆயினும் அவர் சொல்லச் சொல்ல, ஓர் ஆறு அவர்கள் உள்ளத்தில் ஓடத் தொடங்குகிறது. அது எந்த ஆறு? பெரும்பாலும் அது முல்லையாறாகவோ சுருளியாறாகவோ வையையாகவோ இருக்கும். மனிதன் தான் காணாத உலகத்தைத் தான் கண்ட உலகத்தின் மண்ணையும் நீரையும் கொண்டே கட்டிக்கொள்கிறான்.

இவ்வுண்மையை ஒப்புக்கொண்டால், அருளுரையாளர் ஒவ்வொருவரும் கேட்போர் உள்ளத்தில் ஓர் உலகத்தைக் கட்டுபவர் என்பதும் பெறப்படும். கட்டுபவனுக்குக் கருவிகள் வேண்டும். அக்கருவிகள் யாவை? அவற்றை நமக்குத் தந்தவர் யார்? அவற்றைக் கொண்டு நம் முன்னோர் எத்தகைய உலகங்களைக் கட்டினர்? அவ்வுலகங்களில் யார் குடியிருந்தனர், யார் வெளியே நின்றனர்? இவ்வினாக்களை வரலாற்று முறையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். கற்பனை என்பது கவிஞருக்கு மட்டும் உரிய அணிகலன் என்று எண்ணும் வழக்கம் நம்மிடையே உண்டு. அது ஊழியத்தின் நடுவே நிற்கும் பொறுப்பு என்பதை இப்பள்ளத்தாக்கின் வரலாறே நமக்குக் காட்டுகிறது.

1. தொல்காப்பியர் தந்த கருவிகள்

கற்பனை உலகைக் கட்டுவதற்கு ஓர் ஒழுங்கான முறையை வகுத்துத் தந்த பழைய நூல்களில் தொல்காப்பியம் குறிப்பிடத்தக்கது. அதன் பொருளதிகாரம் பாடலின் பொருளை மூன்றாகப் பகுக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்தில் பிறந்து வளர்வன கருப்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்பன அவை. அந்நிலத்தில் வாழும் மாந்தரின் ஒழுக்கம் உரிப்பொருள். புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என அது ஐவகைப்படும். பிற்காலத்து எழுந்த நம்பி அகப்பொருள் கருப்பொருள்களைப் பதினான்காக விரித்துரைத்தது.

இங்கு நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. காடு, மலை, வயல், கடற்கரை ஆகிய நான்கையும் குறிக்கும் இடத்தில் தொல்காப்பியர் ஒவ்வொன்றையும் 'உலகம்' என்றே வழங்குகிறார். ஒவ்வொரு திணையும் தனக்கெனத் தெய்வமும் உணவும் தொழிலும் பொழுதும் கொண்ட ஒரு முழு உலகம். புலவன் வேங்கைமரம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். மலையும், தினைப்புனமும், கிளி ஓட்டும் பெண்ணும், நள்ளிரவும், காதலர் கூட்டமும் கேட்போர் உள்ளத்தில் தாமே எழும். ஒன்றைத் தொட்டால் மற்றவை யாவும் அசையும்படி அமைந்த கட்டுக்கோப்பு இது.

இவ்வுலகம் உள்ளதா, இல்லதா என்ற வினாவையும் நம் முன்னோர் எழுப்பினர். உலகியல் வழக்கு, நாடக வழக்கு என்னும் இரண்டையும் பிரித்தறிந்து, இரண்டும் கலந்த நெறியிலேயே அகப்பாடல் இயங்கும் என்றார் தொல்காப்பியர். இறையனார் களவியலுக்கு எழுந்த பழைய உரை இன்னும் ஒருபடி மேலே சென்றது. களவு என்னும் ஒழுக்கம் உலகில் காணப்படுவதன்று; இனிமையும் நன்மையும் கருதிப் புலவர்கள் நிறுவிய ஒன்று அது என்னும் கருத்துப்பட அவ்வுரை பேசுகிறது. கற்பனை உலகத்தைப் பொய் என்று தள்ளவுமில்லை, மெய் என்று மயங்கவுமில்லை. நன்மை பயக்கிறதா என்பதையே அது உரைகல்லாகக் கொண்டது. இந்த உரைகல்லை நாம் பின்னர் மீண்டும் எடுத்துக்கொள்வோம்.

மற்றொரு விதியும் நினைவிற்கொள்ளத் தக்கது. ஒரு நிலத்துக்குரிய ஒழுக்கம் மற்றொரு நிலத்தில் நிகழலாம். ஆனால் நிலமும் நிலமும் ஒன்றாய்க் கலத்தல் இல்லை. உணர்வுகள் இடம் பெயரலாம். மண் மண்ணாகவே இருக்கும். பாலைக்கோ தொல்காப்பியர் தனி நிலம் வகுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் மழையின்றி இயல்பு திரிந்தால் பாலை ஆகும் என்று சிலப்பதிகாரம் விளக்குகிறது. வறட்சி ஓர் இடமன்று, ஒரு நிலை என்பது இதன் உட்பொருள். பஞ்சத்தைக் கண்ட மக்களின் அறிவு அதில் உள்ளது.

2. நெடுவேள்குன்றமும் மலைக்குறவர் சாட்சியும்

இக்கருவிகளைக் கொண்டு கட்டப்பெற்ற ஓர் உலகம் கம்பம் பள்ளத்தாக்கின் மீதே வந்து அமர்ந்த வரலாற்றை அடுத்துக் காண்போம். மதுரையை எரித்த கண்ணகி மேற்கு வாயில் வழியாக நகரைவிட்டு நீங்கி, வையைக் கரையைப் பற்றி நடந்து, நெடுவேள்குன்றத்தில் ஏறி, ஒரு வேங்கை மரத்தின் நிழலில் நின்றாள் என்றும், பதினான்காம் நாளில் கோவலனோடு வானுலகு சென்றாள் என்றும் இளங்கோவடிகளின் காப்பியம் கூறும். வையையின் போக்கை எதிர்த்து மேற்கே நடப்பவர் ஆண்டிபட்டி, தேனி வழியாக இப்பள்ளத்தாக்கையே அடைவர். நெடுவேள்குன்றம் திருச்செங்கோடே என்ற கருத்தும் பழைமையானது. எனினும் கூடலூருக்கு மேலே வண்ணாத்திப்பாறை மலைமீதுள்ள மங்கலதேவி கோயிலே கண்ணகி கோட்டம் என்ற நம்பிக்கை இங்கு வேரூன்றியுள்ளது. பேராசிரியர் சி. கோவிந்தராசனார் கண்ணகி சென்ற வழியைத் தேடிக் கால்நடையாகப் பயணம் செய்து, 1963-ல் இக்கோயிலை அடையாளம் காட்டினார்.

காப்பியத்தின் வஞ்சிக் காண்டத்தில் சேரன் செங்குட்டுவன் பேரியாற்றின் மணற்கரையில் தங்கியிருக்கையில் மலைக்குறவர் காணிக்கைகளோடு வருகின்றனர். யானைத் தந்தம், அகில், சந்தனம், தேன் முதலியவற்றோடு ஏலக்கொடியும் மிளகுக்கொடியும் அப்பட்டியலில் உள்ளன. இன்றும் போடிநாயக்கனூர் ஏல வாணிகத்திற்குப் பெயர் பெற்ற நகரம். இளங்கோவடிகள் கட்டிய உலகின் கருப்பொருள்கள் இம்மலையின் உண்மையான விளைபொருள்களே. அதனால்தான் அவ்வுலகம் நூற்றாண்டுகள் கடந்தும் இம்மண்ணைவிட்டு அகலாமல் நிற்கிறது.

இறையியல் மாணவர் இவ்விடத்தில் ஒரு நுட்பத்தை நோக்க வேண்டும். கண்ணகியின் விண்ணேற்றத்தைக் கண்டவர் யார்? அரசரல்லர், புலவரல்லர், தினைப்புனம் காத்த மலைக்குறவர். அவளைத் தம் தெய்வமாகக் கொண்டு முதலில் குரவையாடியவரும் அவரே. அவர்கள் சொன்ன சாட்சியைக் கேட்ட பின்னரே அரசன் இமயத்துக் கல்லை எடுத்துவந்து, கங்கையில் நீராட்டி, தன் தலைநகராகிய வஞ்சியில் கோயில் எழுப்புகிறான். கல்லைச் சுமந்தவர் கனகவிசயர். புகழைப் பெற்றவன் செங்குட்டுவன். சாட்சி சொன்ன குறவரோ காப்பியத்தின் பிற்பகுதியில் பின்னே மறைகின்றனர். எளியோர் கண்ட காட்சியை அரியணை தனதாக்கிக்கொள்ளும் இந்நிகழ்ச்சி நமக்குப் புதியதன்று. பெத்லகேம் வயல்வெளியில் மேய்ப்பர் கண்டதும், கல்லறை வாயிலில் பெண்கள் கண்டதும் பின்னாளில் பேரரசின் சமயமாக மாறிய வரலாற்றை நாம் கற்றிருக்கிறோம். மலையோரத்தில் வாழும் பளியர் போன்ற பழங்குடியினர் நம் திருச்சபைகளின் நினைவில் எவ்விடத்தில் உள்ளனர் என்று கேட்டுக்கொள்வது நலம்.

கற்பனை உலகம் வெறும் காற்றன்று என்பதற்கும் இக்கோயிலே சான்று. அது தமிழ்நாட்டு எல்லைக்கு உட்பட்டதா, கேரள எல்லைக்கு உட்பட்டதா என்ற வழக்கு நெடுங்காலமாக நீடிக்கிறது. ஆண்டுக்கு ஒரு நாள், சித்திரைப் பௌர்ணமியன்று மட்டும் பொதுமக்கள் மலையேறிச் சென்று வழிபடும் வகையில் இரு மாநில அதிகாரிகளும் கூடி ஏற்பாடு செய்கின்றனர். ஒரு காப்பியம் கட்டிய உலகம் இரண்டு அரசுகளின் நில அளவைக்குள் நுழைந்துவிட்டது.

3. யூதேயாவில் நெல்வயல்

இத்தகைய கருவிகள் கிறிஸ்தவர் கைக்கு வந்தபோது நிகழ்ந்தது என்ன? கத்தோலிக்கத் துறவியாகிய வீரமாமுனிவர் 1726-ல் தேம்பாவணியை நிறைவு செய்தார். மூன்று காண்டங்களும் முப்பத்தாறு படலங்களும் 3615 செய்யுள்களும் கொண்ட இப்பெருங்காப்பியம், தமிழ்க் காப்பிய மரபிற்கேற்ப நாட்டுப் படலத்தோடும் நகரப் படலத்தோடும் தொடங்குகிறது. யூதேயா நாடு அங்கே மழை வளமும் ஆற்று வளமும் வயல் வளமும் பொருந்திய தமிழ் நாடாகக் காட்சியளிக்கிறது. உண்மையான யூதேயா கற்குன்றுகளும் வறண்ட சரிவுகளும் மிகுந்த நிலம் என்பதை இன்று நாம் அறிவோம். முனிவர் அறியாமையால் அவ்வாறு பாடினார் என்று கொள்ளுதல் பொருந்தாது. தமிழர் செவிக்கு வளமான நாடு என்றால் அது மருத நிலமே. அம்மொழியில் பேசினாலன்றி யோசேப்பின் சிறப்பு அவர்கள் உள்ளத்தைத் தொடாது என்று அவர் கருதியிருக்கலாம்.

ஆனால் மரபை எடுத்துக்கொள்ளும்போது மரபின் பார்வையும் கூடவே வருகிறது. காப்பிய மரபின் நாட்டுப் படலத்தில் வயலில் உழைப்போர் காட்சியின் அழகுக்காக வருவர். நாற்று நடுவோரின் பாட்டும் அறுப்போரின் ஆரவாரமும் விரிவாகப் பேசப்படும். அவர்கள் பெற்ற கூலி எவ்வளவு, அவர்கள் குடியிருப்பு ஊரின் எப்புறத்தில் இருந்தது என்பவை பேசப்படுவதில்லை. மருதத்தின் வளத்தை நிலக்கிழான் மாடத்திலிருந்து நோக்கும் பார்வை அது. அப்பார்வையோடு கானானைப் பாடினால், கானானும் நிலக்கிழானுடைய நாடாகிவிடும். இது வீரமாமுனிவர் ஒருவரின் குறையன்று; கருவிக்குள்ளேயே இருக்கும் சாய்வு. கருவியைக் கையாளுவோர் அச்சாய்வை அறிந்திருத்தல் வேண்டும்.

4. குறத்தியின் மலையும் பயணியின் பாதையும்

சீர்திருத்தச் சபையினரிடையே இம்மரபு இரு வழிகளில் வளர்ந்தது. முதலாவது, தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) காட்டிய வழி. சுவார்ட்ஸ் ஐயரிடம் கல்வி பயின்ற சாஸ்திரியார், 1800-ல் பெத்லகேம் குறவஞ்சியைப் பாடினார். மேற்குத் தொடர்ச்சி மலையைச் சார்ந்த திருக்குற்றாலத்திற்குத் திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய குறவஞ்சி அக்காலத்தில் புகழ்பெற்றிருந்தது. தலைவி காதல் கொள்ளுதல், குறத்தி வந்து தன் மலைவளம் கூறிக் குறி சொல்லுதல், சிங்கன் பறவைபிடித்தல் என்ற அமைப்பைச் சாஸ்திரியார் எடுத்துக்கொண்டார். தலைவி தேவமோகினி சீயோனின் மகளாகிய திருச்சபை. தலைவர் பெத்லகேம் நாதர். பறவைபிடிக்கும் வேலை ஆத்துமாக்களை ஆதாயம் பண்ணும் ஊழியமாயிற்று.

சாஸ்திரியாரின் கருவிப்பெட்டியில் புதிய கருவி ஒன்றும் இருந்தது. அது அக்காலத்து அறிவியல். கண்டங்களையும் நாடுகளையும், கதிரவனை நடுவாகக் கொண்டு கோள்கள் சுழலும் வானியலையும் அவர் குறவஞ்சிக்குள்ளே கொண்டுவந்தார். பழைய குறத்தி தன் மலையையே உலகமென்று பாடினாள். சாஸ்திரியாரின் பாட்டு உலக உருண்டை முழுவதையும் அளந்தது. கற்பனை உலகைக் கட்டுவோர் மெய்யறிவை விலக்க வேண்டியதில்லை என்பதற்கு இது ஒரு நல்ல முன்மாதிரி.

இப்பாடல்கள் நம் பகுதிக்கு வந்த வழியும் அறியத்தக்கது. அமெரிக்க மதுரை மிஷன் 1834-ல் மதுரையில் பணி தொடங்கிப் பெரியகுளம் முதலிய இடங்களில் நிலையங்களை அமைத்தது. அம்மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் ஐயர், சாஸ்திரியாரின் கீர்த்தனைகளைத் தொகுத்து 1853-ல் வழிபாட்டுக்குரிய நூலாக வெளியிட்டார். மேல்நாட்டு ஞானப்பாட்டுகளோடு தமிழ்க் கீர்த்தனைகளும் சிற்றூர்ச் சபைகளில் ஒலிக்க இது வழிவகுத்தது. தஞ்சை அரசவையைச் சூழ்ந்து வளர்ந்த ஓர் இசையுலகம் மதுரை நாட்டு உழவர் வாயில் புகுந்தது.

இரண்டாவது வழி, எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900) காட்டியது. ஆங்கில நாட்டு ஜான் பனியன் 1678-ல் வெளியிட்ட மோட்சப் பயணக் கதையைத் தழுவி, அவர் இரட்சணிய யாத்திரிகத்தை இயற்றி 1894-ல் வெளியிட்டார். ஆதி பருவம், குமார பருவம், நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம் என்னும் ஐந்து பருவங்களில் 3766 செய்யுள்கள் கொண்டது இந்நூல். பனியனின் உலகில் ஒவ்வோர் இடமும் ஒரு மனநிலை. அழிவின் நகரம், அவநம்பிக்கையின் சேறு, மாயச் சந்தை, ஐயக் கோட்டை என்று மனத்தின் நிலைகள் நிலத்தின் இடங்களாகின்றன. இது தமிழருக்கு அந்நியமான முறையன்று. நிலத்தையும் ஒழுக்கத்தையும் ஒன்றோடொன்று பிணைத்த திணைமரபு இதற்கு முன்பே ஓர் இருக்கையை ஆயத்தம் செய்திருந்தது. கம்பனில் தோய்ந்திருந்த கிருஷ்ணபிள்ளை, பெட்போர்டு ஊர்ச் சிறையில் வாடிய ஓர் ஏழைத் தகரவேலைக்காரனின் கதையைப் பெருங்காப்பியமாக்கினார்.

இங்கும் ஒரு ஆதாயமும் ஒரு இழப்பும் உண்டு. கற்றோர் சபையில் கிறிஸ்தவத் தமிழுக்கு மதிப்பு உண்டாயிற்று, இது ஆதாயம். பனியன் எளிய உரைநடையில் எளியோருக்காக எழுதியது, உரையாசிரியர் துணையின்றி விளங்காத செய்யுளாயிற்று; இது இழப்பு. பொதி சுமந்து நடக்கும் பயணியின் கதையை, நாள்தோறும் உண்மையாகவே பொதி சுமக்கும் மக்கள் படிக்க இயலாமற்போனது.

5. கேபார் நதியும் முல்லைப் பெரியாறும்

திருமறைக்குத் திரும்புவோம். உலகம் படைக்கும் கருவிகளைத் திருமறையில் மிகத் தெளிவாகக் கையாண்டவர் எசேக்கியேல் தீர்க்கர். சிறையிருப்பின் இருபத்தைந்தாம் ஆண்டில், அதாவது கி.மு. 573 அளவில், அவர் கண்ட காட்சி நாற்பதாம் அதிகாரம் முதல் நூலின் இறுதிவரை விரிகிறது. அவர் வாழ்ந்த இடம் பாபிலோன் நாட்டுக் கேபார் நதிக்கரை. அது நிப்பூர் நகரை அடுத்து வெட்டப்பெற்ற பாசனக் கால்வாய் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். எருசலேம் இடிந்துகிடக்க, அந்நிய நாட்டுக் கால்வாய்க் கரையில் உட்கார்ந்து ஒரு தீர்க்கர் இல்லாத ஆலயத்தை அளக்கிறார். அவர் காட்சியில் தோன்றும் மனிதன் கையில் இரு கருவிகளே உள்ளன: சணல்நூல், ஆறுமுழ அளவுகோல்.

அளவு என்பது கற்பனைக்குப் பகை என்று நாம் எண்ணக்கூடும். எசேக்கியேலிடம் அதுவே கற்பனையின் முதுகெலும்பு. வாயிலின் அகலம், அறையின் நீளம், மதிலின் கனம் என ஒவ்வொன்றும் அளக்கப்படுகிறது. நம்பிக்கை இழந்த மக்களுக்கு அளவில்லாத ஆறுதல் பயன்படாது. நின்று பார்க்கக்கூடிய, நடந்து செல்லக்கூடிய ஓர் இடம் வேண்டும். பின்னர் ஆலயத்தின் வாயிற்படியின் கீழிருந்து தண்ணீர் புறப்படுகிறது. ஆயிரம் முழத்திற்கு ஒருமுறை அளக்கும்போது கணுக்கால், முழங்கால், இடுப்பு என நீர் உயர்ந்து, இறுதியில் கடக்க முடியாத நதியாகிறது.

நதியை எண்ணத்தில் முதலில் ஓடவிட்டுப் பின்னர் மண்ணில் ஓடவிட்ட வரலாறு நம் பள்ளத்தாக்குக்கும் உண்டு. மேற்கே பாய்ந்து அரபிக் கடலில் கலந்த பெரியாற்றைக் கிழக்கே திருப்பலாம் என்ற எண்ணம் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளைக்கு இருந்தது. 1808-ல் ஆய்வு செய்த கேப்டன் கால்டுவெல் அது கைகூடாத காரியம் என்றார். 1876 முதல் 1878 வரை நாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சம் அவ்வெண்ணத்திற்கு மீண்டும் உயிரூட்டியது. 1886 அக்டோபர் 29-ல் திருவிதாங்கூர் அரசோடு 999 ஆண்டுக் குத்தகை கையெழுத்தாயிற்று. பென்னிகுவிக் தலைமையில் 1887-ல் தொடங்கிய பணி, சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு கட்டிய அணையாக 1895 அக்டோபரில் நிறைவேறியது. மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே நீர் கிழக்கே இறங்கி, வைரவனாறு, சுருளியாறு வழியாக வையையைச் சேர்கிறது. கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலம் இந்நீரை நம்பியுள்ளது. பாலை மருதமாயிற்று. காட்டில் நோய்க்கு இரையான தொழிலாளர் பலரின் பெயர் நமக்குத் தெரியாது. பென்னிகுவிக் பெயரையோ மக்கள் தம் பிள்ளைகளுக்குச் சூட்டுகின்றனர். இங்கும் கட்டியவருள் ஒரு பகுதியினர் மட்டுமே கதைக்குள் இடம்பெற்றுள்ளனர்.

இவ்வணையைச் சுற்றி நம் காலத்தில் வேறு இரண்டு கற்பனை உலகங்கள் எழுந்தன. மலைக்கு மேற்கே வாழ்வோர் உள்ளத்தில் அணை உடைந்து ஊர்கள் அழியும் காட்சி. கிழக்கே வாழ்வோர் உள்ளத்தில் நீர் நின்று வயல்கள் வெடிக்கும் காட்சி. 2011 நவம்பரில் அணை உடைவதைச் சித்திரித்த ஒரு திரைப்படம் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்டது. அடுத்த மாதம் பள்ளத்தாக்கின் மக்கள் ஆயிரக்கணக்கில் எல்லையை நோக்கிச் சென்றனர். எல்லை தாண்டி வேலைக்குச் சென்றோர் அஞ்சித் திரும்பினர். 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் 142 அடிவரை நீரைத் தேக்கலாம் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு நீரின் மட்டத்தை வரையறுத்தது. அச்சத்தின் மட்டத்தை வரையறுக்க எந்த நீதிமன்றத்தாலும் இயலாது.

எல்லையின் இருபுறமும் தென்னிந்தியத் திருச்சபையின் திருமண்டலங்கள் உள்ளன. ஒரே அப்பத்தில் பங்குபெறும் மக்கள் இருபுறமும் வாழ்கின்றனர். அவர்களின் போதகர்கள் தத்தம் சபையாரின் அச்சத்தை மட்டும் பேசினரா, அல்லது மலைக்கு அப்பால் உள்ளவரின் அச்சத்தையும் தம் சபையார் உணரும்படி செய்தனரா? இவ்வினாவில்தான் உலகம் படைக்கும் கருவிகளின் உண்மையான சோதனை அடங்கியுள்ளது. அயலானின் உலகை நம் உள்ளத்தில் கட்ட இயலாவிட்டால், பரலோகத்தைக் கட்டிக்காட்டி என்ன பயன்?

எசேக்கியேலின் காட்சி நதியோடு முடியவில்லை. நதிக்குப்பின் நிலப்பங்கீடு வருகிறது. நாற்பத்தேழாம் அதிகாரத்தின் இறுதியில், மக்களிடையே தங்கிப் பிள்ளைகளைப் பெற்ற அந்நியருக்கும் இஸ்ரவேல் புத்திரரைப் போலவே சுதந்தரம் கொடுக்கப்பட வேண்டும் என்ற கட்டளை உள்ளது. அளவுநூலைப் பிடித்த கை அந்நியனுக்கும் நிலம் அளந்து கொடுக்கிறது. இன்னொரு சிறு குறிப்பும் நம் உள்ளத்தைத் தொடுகிறது: நதி எல்லா நீரையும் ஆரோக்கியமாக்கினாலும், சேற்று நிலங்களும் சதுப்புகளும் உப்புக்காக விடப்படுகின்றன. வெறும் இன்பக்கனவு காண்பவன் உப்பளத்தை மறந்திருப்பான். தீர்க்கரோ உப்பின்றி மனிதர் வாழ இயலாது என்பதை நினைவில் வைத்திருந்தார்.

6. ஒரே உலை

கருவிகளை மேலிருந்து எடுக்காமல் கீழிருந்து எடுத்த ஒருவரையும் இங்குக் குறிப்பிடுதல் கடமை. மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராயிருந்த தியோபிலஸ் அப்பாவு (1940–2005), பரட்டை என்ற பெயரால் அறியப்பட்டவர். செவ்வியல் இசையும் காப்பிய நடையும் மேலோரின் உலகைச் சபைக்குள் கொண்டுவருகின்றன என்று கண்ட அவர், நாட்டுப்புற இசையையும் கிராமத்துப் பேச்சையும் வழிபாட்டிற்குரிய கருவிகளாகக் கொண்டார். ஒரே உலையில் சமைத்து அனைவரும் பகிர்ந்துண்ணும் காட்சி, அவர் இறையியலில் இறையாட்சியின் வடிவமாயிற்று.

திணைமரபின் நோக்கில் இதை ஆராய்ந்தால் ஒரு மாற்றம் புலப்படும். பழைய கருப்பொருள் பட்டியலில் உணவும் பறையும் இருந்தன. ஆனால் யாருடைய உணவு, யார் அடிக்கும் பறை என்ற கேள்வி எழவில்லை. அப்பாவு அக்கேள்வியை எழுப்பினார். தீண்டாமை நிலவும் ஊரில் ஒரே உலை என்பது சிறு கற்பனையன்று. யூதேயாவில் நெல்வயலைக் காண்பதைவிட, நம் ஊர்த் தெருவில் அனைவர்க்கும் பொதுவான ஓர் அடுப்பைக் காண்பது கடினம்.

முடிவுரை

நாம் கண்ட வரலாற்றிலிருந்து ஊழியருக்குப் பயன்படும் மூன்று வினாக்களைத் தொகுத்துக் கூறி அமைவோம். இவை பழைய மூன்று பொருள்களையே தழுவியவை.

முதற்பொருள் பற்றியது முதல் வினா: நாம் காட்டும் உலகின் நிலம் யாருடைய கண்ணால் காணப்பட்ட நிலம்? மாடத்திலிருந்து கண்ட மருதமா, வரப்பில் நின்று கண்ட மருதமா? பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்து விடியுமுன் ஜீப்புகளில் நெருங்கியமர்ந்து இடுக்கி மலைகளின் ஏலத்தோட்டங்களுக்குச் சென்று, இருட்டும் வேளையில் திரும்பும் பெண்களுக்கு, 'மலை' என்ற சொல் சங்கப் புலவன் கண்ட குறிஞ்சியன்று. அவர்கள் இருக்கும் சபையில் மலைப்பிரசங்கத்தை விளக்குவோர் இதனை மறத்தலாகாது.

கருப்பொருள் பற்றியது இரண்டாம் வினா: அவ்வுலகில் யார் யார் உள்ளனர், யார் விடுபட்டனர்? சாட்சி சொன்ன குறவரும், அணையில் மாண்ட தொழிலாளரும், எல்லைக்கு அப்பாலுள்ள அயலாரும் அதில் இடம்பெற்றுள்ளனரா? அந்நியனுக்கு அளந்து கொடுக்காத அளவுகோல் எசேக்கியேல் கண்ட அளவுகோலன்று.

உரிப்பொருள் பற்றியது மூன்றாம் வினா: அவ்வுலகம் கேட்போரை எவ்வொழுக்கத்திற்கு நடத்துகிறது? இறையனார் களவியலின் உரைகாரர் கேட்டதும் இதுவே: நிறுவப்பட்ட உலகம் நன்மை பயக்கிறதா? பரலோகத்தின் பொன்வீதிகளை வருணித்த பின், கேட்டவர் தம் ஊரின் வீதி இரண்டாகப் பிரிந்திருப்பதைக் குறித்து வெட்கமின்றி வீடு திரும்புவாராயின், அவ்வருணனை எவ்வளவு அழகாயினும் வீணே.

நம் ஆண்டவர் கற்பனை உலகைக் கட்டியபோது பொன்னையும் முத்தையும் மிகுதியாகத் தேடவில்லை. கடுகுவிதை, புளித்தமா, காணாமற்போன காசு, கூலிக்காகச் சந்தைவெளியில் காத்துநின்ற வேலையாட்கள் ஆகியோரைக் கொண்டே இறையாட்சியைக் காட்டினார். பதினோராம் மணி வேளையிலும் வேலையின்றி நின்றவரின் முகம் அவருடைய உலகில் மறைந்துபோகவில்லை. கம்பத்திலும் போடியிலும் தேனியிலும் பேருந்து நிலையங்களின் அருகே, அதிகாலையில் வேலைக்கு அழைப்போரை எதிர்பார்த்து நிற்கும் முகங்களை நாம் அறிவோம். நம் அடுத்த அருளுரையை அங்கிருந்து தொடங்குவோமாக.